வேலு நாயக்கரின் பேரேடு

சிராங்கூன் சாலையில் கடையடைத்து வீடு திரும்பும் நம் வியாபாரச் சகோதரர்களில் பலர், இரவில் தொலைக்காட்சி முன் அமர்ந்து குற்றவாளியின் கதையை ரசிக்கின்றனர். பகலெல்லாம் நாணயத்தைப் போற்றும் நாம், இரவில் கடத்தல்காரனுக்காகக் கண்கலங்குவது ஏன்?

1987-ல் மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். பம்பாய் தாராவியில் அநாதைச் சிறுவன் வேலுவை வளர்ப்பவர் உசேன் பாய். கடத்தலில் ஈடுபட்டவராயினும் ஈரநெஞ்சர். காவல் அதிகாரி அவரை லாக்கப்பில் கொல்கிறார்; வேலு அவ்வதிகாரியைக் கொல்கிறான். பின்னர் ஏழைகளின் காவலரான வேலு நாயக்கராகிறான்.

கவர்ச்சி இங்கேதான் உள்ளது. நியாயம் கிடைக்காதவனின் கோபம் நமக்கும் புரிகிறது. ஈகையைக் கண்டதும் குற்றம் சிறிதாகத் தோன்றுகிறது. 2008 முதல் 2013 வரை வந்த அமெரிக்கத் தொடர் ‘பிரேக்கிங் பேட்’டிலும், புற்றுநோய் கண்ட ஆசிரியர் குடும்பத்துக்காக என்று சொல்லியே ‘ஐஸ்’ போதைப்பொருள் காய்ச்சுகிறார். கடைசியில், தனக்காகவே செய்ததாக மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார். சிங்கப்பூரில் அப்பொருளை 250 கிராமுக்கு மேல் கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றம்.

வணிகராகிய நாம் ஒன்றறிவோம்: ஒருவரிடம் பட்ட கடனை மற்றொருவருக்குத் தருமம் செய்து தீர்க்க இயலாது. வேலு நாயக்கரோ, தாம் கொன்ற அதிகாரியின் குடும்பத்தையே பராமரிக்கிறார். ஆயினும் உயிர்க்கடனைப் பணம் அடைக்கவில்லை. அவ்வதிகாரியின் மகனே முடிவில் அவரைச் சுடுகிறான்.

ஆகவே, இக்கதைகளைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது, “இவர் ஏன் செய்தார்?” என்பதோடு நில்லாமல், “இதற்கு விலை கொடுத்தவர் யார்?” என்றும் கேட்போமாக.