எந்த ஹைட்ராக்சிலை விட்டுவைப்பது?

அன்புள்ள தங்கைக்கு,

பெங்களூரில் ஆய்வுக்குச் சேர்ந்துவிட்டாய், தாமாகவே கூடி உருக்கொள்ளும் பொருட்களைச் சர்க்கரைகளிலிருந்து செய்யப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். முதல் ஆண்டைத் தொகுப்பு வேலையே விழுங்கிவிடும். ஒரு ஹைட்ராக்சிலை மூடுவாய், இன்னொன்றைத் திறப்பாய், காலம் குரோமட்டோகிராஃபி செய்வாய், என்.எம்.ஆர். பார்ப்பாய். அதில் கைதேரத்தான் வேண்டும். ஆனால் மூலக்கூறைச் செய்து முடித்துவிட்டு, கூடுகிறதா என்று பார்ப்பது வடிவமைப்பாகாது. எந்த ஹைட்ராக்சில் கடைசிவரை திறந்திருக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்.

நியூயார்க்கில் ஜார்ஜ் ஜான் குழு 2010-இல் வெளியிட்ட கட்டுரையைப் படி. அதில் பங்கேற்ற பிரவீன் வேமுலா பின்னர் உங்கள் ஊர் இன்ஸ்டெம் நிறுவனத்துக்கு வந்தார். மானிட்டாலில் ஆறு ஹைட்ராக்சில்கள். லைபேஸ் நொதி இரு முனைகளில் மட்டும் கொழுப்பமிலச் சங்கிலியை ஒட்டிவிடுகிறது. காப்புத் தொகுதியே தேவையில்லை. நடுவில் மிஞ்சிய நான்கும் ஹைட்ரஜன் பிணைப்பால் அண்டை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ள, சங்கிலிகள் எண்ணெயோடு இணங்க, நார்கள் வளர்ந்து வலையாகின்றன. தண்ணீரும் டீசலும் கலந்த குப்பியில் டீசல் மட்டும் ஜெல்லாக இறுகும். குப்பியைக் கவிழ்த்தாலும் ஜெல் அசையாது. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் டீசல் திரும்பக் கிடைக்கும்.

கடலில் சிந்தும் எண்ணெயையும் இப்படி இறுக்கி அள்ளலாமே என்று தோன்றும். ஆனால் குப்பி வேறு, கடல் வேறு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை மனிதர்கள் வாளியில் அள்ளினார்கள். எண்ணெயை ஜெல்லாக்கும் சேர்மமான ஜெலேட்டரைக் கரைப்பானில் கரைத்துத் தெளிப்பதானால், அந்தக் கரைப்பானும் கடலில்தானே சேரும்? அதே ஆண்டு திருவனந்தபுரம் ஐசரில் கானா சுரேஷன் குழு, சர்க்கரை வழி ஜெலேட்டரைச் செல்லுலோஸ் கூழில் ஏற்றித் தூவும் வழியை வெளியிட்டது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

செல்லுலோஸும் குளுக்கோஸ்தான், சோற்று மாவும் குளுக்கோஸ்தான். பிணைப்பு பீட்டாவானால் பருத்தி நார். ஆல்ஃபாவானால் வேகவைத்தால் குழையும் அரிசி. ஒரே ஒரு பிணைப்பின் திசைக்கு இவ்வளவு பலம்.

ஆகவே உன் முதல் ஜெல் நின்றதும், முக்கியம் என்று நீ நம்பும் ஹைட்ராக்சிலை மட்டும் மீதைலால் மூடி, இன்னொரு சேர்மமும் செய்துவிடு. அது ஜெல்லாகாவிட்டால் உன் ஊகத்துக்கு வலுவுண்டு. ஆகிவிட்டால் பிடிமானம் வேறெங்கோ இருக்கிறது, தேடு. கட்டுரையை முடிக்கச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் அந்தச் சேர்மத்தை மட்டும் தவிர்க்காதே.

அன்புடன்,
உன் அக்கா