மாமல்லபுரத்தில் படமெடுக்க: இடமா, வலமா?

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் போர்க்களச் சிற்பத்தில், சிங்கத்தின் மேல் அமர்ந்த துர்க்கை இடப்பக்கமிருந்து பாய்கிறாள். எருமைத்தலை அசுரன் வலப்பக்கமாகப் பின்வாங்குகிறான். இடமிருந்து வலமாகத் தமிழ் படித்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பாய்ச்சலின் வேகம் அப்படியே கிடைக்கிறது. அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானைகள் வலமிருந்து இடமாக, நமக்கு எதிரே வருவதுபோல நடக்கின்றன.

பழக்கம்தான் காரணமா? 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரெஞ்சு படிப்பவர்கள் வலம் நோக்கிய படங்களை விரும்பினார்கள். வலமிருந்து இடமாக ஹீப்ரு படிப்பவர்களுக்கு இடம் நோக்கியவை பிடித்தன. உருது படித்து வளர்ந்த நண்பருக்கு உங்கள் படம் வேறு மாதிரித் தெரியலாம். கேட்டுப் பாருங்கள், சுவையான பேச்சாக இருக்கும்.

யானைகளைப் படமெடுக்கும்போது துதிக்கைக்கு முன்னால், அதாவது இடப்பக்கம், இடம் விடுங்கள். நடக்க வழி இருப்பதுபோல் தெரியும். பாறை கிழக்கு பார்த்தது என்பதால் காலை வெயில் நேராக விழும்.

கடற்கரைக் கோயிலைத் தெற்கே நின்று எடுத்தால் கடல் வலப்பக்கம் வரும். பார்வை கோயிலில் தொடங்கி அலையில் முடியும். வடக்கே நின்றால் தலைகீழ். இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

படம் சரியாக அமைந்ததா என்று சந்தேகமா? பிரதி ஒன்றை செல்போனில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். குறை சட்டென்று கண்ணில் படும். ஆனால் திருப்பிய படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பல்லவச் சிற்பி செதுக்கிய திசையை மாற்றுவது தவறான தகவல். செல்ஃபியிலும் இது நேரும் என்பதால், முன்பக்கக் கேமராவின் 'மிரர்' அமைப்பை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.