ஸ்ட்ரிங்கை ஒட்டும் முன் மூன்று கேள்விகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த வேலை உங்கள் கைக்கு வந்துவிடும்: இனிஷியலையும் பெயரையும் ஒட்டு, முகவரியின் நான்கு வரிகளைச் சேர், ரிப்போர்ட்டுக்குத் தலைப்பு போடு. நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் உங்கள் நிரலைப் பார்க்கும் சீனியரின் கண் அந்தக் கூட்டல் குறியில்தான் நிற்கும். அதைப் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்.

1. எதை ஒட்டுகிறேன்?

ஜாவாஸ்கிரிப்டில் "5" + 3 என்று எழுதினால் 8 வராது, "53" வரும். பைத்தானில் அதே வரி டைப்எரர் காட்டி நின்றுவிடும். நிற்பதே நல்லது, தவறு அப்போதே தெரிந்துவிடுகிறதே! வெப் படிவத்தில் தட்டிய எண் பெரும்பாலும் ஸ்ட்ரிங்காகவே வந்து சேரும். முதலில் எண்ணாக மாற்றுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள்.

காலி மதிப்பும் அப்படித்தான். ஜாவாவில் இனிஷியல் ‘நல்’ ஆக இருந்தால், அந்த ஆங்கிலச் சொல்லே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். சான்றிதழில் அது அச்சாகிவிட்டால் மாணவியின் முகம் வாடும். மைஎஸ்க்யூஎல்லில் கான்கேட் போட்டால் ஒரு துண்டு நல் ஆனாலும் முழு விடையும் நல் ஆகிவிடும்.

2. எத்தனை முறை ஒட்டுகிறேன்?

ஜாவா ஸ்ட்ரிங் ஒருமுறை உருவானபின் மாறாது. லூப்பில் ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பழையது முழுவதும் புதிய இடத்துக்கு நகலாகும். தலா 10 எழுத்துள்ள 10,000 துண்டுகளை இப்படி ஒட்டினால், 1 லட்சம் எழுத்துள்ள விடைக்காக ஏறத்தாழ 50 கோடி எழுத்துகள் நகலாகின்றன. ஸ்ட்ரிங்பில்டர் இந்த வீண் வேலையைத் தவிர்க்கும். பைத்தானில் துண்டுகளை லிஸ்ட்டில் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு ஜாயின் போடுங்கள். இரண்டு மூன்று துண்டுகள் மட்டும் என்றால் எஃப்-ஸ்ட்ரிங் போதும், பைத்தான் 3.6 முதல் அது இருக்கிறது. இன்டர்வியூவில் ‘ஸ்ட்ரிங்பில்டர் வேகமானது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த 50 கோடிக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

3. ஒட்டியது எங்கே போகிறது?

திரையில் காட்டவா, டேட்டாபேஸுக்கு அனுப்பவா? பயனர் தட்டியதை எஸ்க்யூஎல் வரியோடு நேராக ஒட்டவே ஒட்டாதீர்கள். ஓ'பிரையன் என்ற பெயரில் உள்ள ஒற்றை மேற்கோள் குறியே அந்த வரியை உடைத்துவிடும். கெட்ட எண்ணம் உள்ளவர் அதே ஓட்டை வழியாகப் பிறருடைய தகவலைத் திருடலாம். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்தினால் வரி தனியாகவும் மதிப்பு தனியாகவும் போகும். பெயர் பெயராகவே இருக்கும்.

இன்று மாலையே உங்கள் பழைய ப்ராஜெக்டைத் திறந்து, ஸ்ட்ரிங் ஒட்டும் கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒவ்வொன்றிடமும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராத இடத்தைத் திருத்துங்கள். அடுத்த ரிவ்யூவுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.