செவலைக்கு ஒரு பல்லாங்குழி

கோச்சடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கயல்,

உன் பூனை செவலை தின்ற கையோடு பாயில் கக்கிவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். கக்கியதில் தீனி மணி மணியாக அப்படியே கிடந்ததையும் கவனித்திருக்கிறாய். நல்ல கண் உனக்கு. சாப்பிட்ட சற்று நேரத்தில் செரிக்காமல் வெளியே வந்தால், பெரும்பாலும் அவசரமாக விழுங்கியதுதான் காரணம்.

அவனைப் பேராசைக்காரன் என்று திட்டாதே. இங்கே வைகைக் கரையில் திரியும் பூனைகளைப் பார்த்திருப்பாய். பதுங்கி, பாய்ந்து, பலமுறை ஏமாந்த பிறகுதான் ஒரு சுண்டெலி அகப்படும். அதில் கிடைப்பது சுமார் 30 கலோரி. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி வேண்டும். வகுத்துப் பார், ஏழெட்டு எலி வரும். பூனையின் உடம்பு அப்படி ஏழெட்டுச் சின்னச் சாப்பாட்டுக்குப் பழகியது. நாமோ காலையும் மாலையும் கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அதனால் தீனியைத் தேடி எடுக்க வை. இதற்கென்று புதிர்க் கிண்ணங்கள் விற்கிறார்கள், வாங்க வேண்டாம். பரணில் ஆச்சியின் பல்லாங்குழி இருக்கிறதே, அதை இறக்கு. ஒரு பக்கத்து ஏழு குழிகளிலும் நாலைந்து மணி தீனி போடு. ஒரு குழியில் நக்கி, அடுத்ததில் காலால் தோண்டி எடுப்பதற்குள் அவன் வேகம் தானாகக் குறையும். மீன் சோறு என்றால் மரப்பலகை வேண்டாம், ஈரம் ஊறி நாறும். பழைய பணியாரச் சட்டியில் அப்பி வை. தின்று முடித்ததும் கழுவிவிடு.

ஒன்றை மறக்காதே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மிகேல் டெல்காடோவும் உடன் இருந்தவர்களும் 17 வீட்டுப் பூனைகளின் முன் தட்டையும் புதிரையும் சேர்த்தே வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தட்டையே நாடின. 2021இல் அதை வெளியிட்டார்கள். எனவே செவலை முதல் நாளே பலகையை விரும்புவான் என்று எதிர்பார்க்காதே. தொடக்கத்தில் பாதித் தீனி கிண்ணத்தில், பாதி குழியில். குழிகளை நன்றாக நிரப்பி எளிதாக்கு. பழகியபின் கிண்ணத்தை எடுத்துவிடலாம். பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில், தீனி மணியைவிடச் சற்றே பெரிதாக இரண்டு மூன்று ஓட்டை போட்டு உருட்டவிடு. ஓட்டையின் விளிம்பு கீறாதபடி அம்மாவை மழுக்கித் தரச் சொல். எந்த முறையானாலும் ஒரு நாளின் மொத்த அளவு கூடக் கூடாது. அதையே பிரித்துப் போடு.

பட்டினி போட்டால் வழிக்கு வருவான் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஓரிரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். புதிரைத் தொடவில்லையென்றால் பேசாமல் கிண்ணத்தில் வைத்துவிட்டு, மறுநாள் மறுபடி முயன்று பார்.

மெதுவாகத் தின்றும் கக்கினாலோ, நிறையத் தின்றும் இளைத்தாலோ அது வேகத்தின் குற்றமல்ல. வயிற்றுப் புழுவாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

முதல் வரிசையைக் காலி செய்ய அவனுக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியம்மா