நீர்த்தாரைப் படகும் அதன் வாயடைக்கும் களையும்

தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் சொல். அப்பெயரால் வழங்கும் தரங்கம்பாடி, ஒருபுறம் வங்கக் கடலையும் மறுபுறம் காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல்வயல்களையும் உடையது. உப்பனாறு கடலொடு கலக்கும் இப்பகுதியில் வாழும் நமக்குப் படகும் புதிதன்று, களையும் புதிதன்று. ஆயினும், ஒரு பிடி களை வலிமை மிக்க ஓர் இயந்திரப் படகை எங்ஙனம் நடு ஆற்றில் நிறுத்திவிடுகின்றது, நின்ற படகை எங்ஙனம் மீண்டும் இயங்கச் செய்வது என்பன ஆராயத்தக்க செய்திகள். பௌதிக வகுப்பில் கற்ற விதிகள் சில இதனால் தெளிவு பெறும். வெள்ளக் காலத்தில் உயிர் காக்கும் பணியில் ஈடுபட விரும்புவார்க்கும் இது பயன்படும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க எழுதுவாம்.

நம் கடற்கரையில் மீன்பிடிக்கச் செல்லும் பைபர் படகுகளில் நீண்டதொரு தண்டின் நுனியில் விசிறி பொருத்தப்பட்டிருத்தலை யாவரும் கண்டிருப்பர். அவ்விசிறி வெளியே நின்று நீரைப் பின்தள்ளுகின்றது. நீர்த்தாரைப் படகிலோ வெளியே விசிறி இல்லை. படகின் அடித்தட்டில் உள்ள வாய் வழியாக நீர் உள்ளே உறிஞ்சப்பெற்று, குழாயினுள் சுழலும் தகடுகளால் விசை ஏற்றப்பெற்று, பின்புறத்துக் குறுகிய துளை வழியாகத் தாரையாகப் பீறிடுகின்றது. நீர் பின்னோக்கிச் செல்ல, படகு முன்னோக்கிச் செல்லும். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே இதற்கு அடிப்படை.

இக்கருத்து பழையது. 1787ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் ஜேம்ஸ் ரம்சி என்பவர் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றில், நீராவியால் இயங்கும் பம்பு கொண்டு நீரைப் பின்புறம் பீய்ச்சிப் படகு செலுத்திக் காட்டினார். எனினும் அதனை நடைமுறைக்கு உகந்ததாக்கிய பெருமை நியூசிலாந்து நாட்டு வில்லியம் ஹாமில்டன் என்பவரைச் சாரும். அவர் வாழ்ந்த பகுதியின் ஆறுகள் ஆழமற்றவை, கூழாங்கற்கள் நிறைந்தவை. வெளியே தொங்கும் விசிறி அங்கே கல்லில் மோதி உடையும். ஆதலின் 1950களில் அவர் நீர்த்தாரைப் படகைத் திருத்தி அமைத்தார். தாரையை நீருக்குள் விடாமல் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே விடும்படி செய்தபின் அதன் வேகம் மிகுந்தது. 1960இல் இவ்வகைப் படகுகள் கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. நம் நாட்டிலும் கடலோரக் காவல் படையின் விரைவு இடைமறிப்புப் படகுகள் பல இம்முறையில் இயங்குவன.

இப்படகிற்கு இரு நலங்கள் உண்டு. ஆழமற்ற நீரில் செல்லலாம் என்பது ஒன்று. நீரில் தத்தளிப்பாரின் அருகே செல்லுங்கால் அவர் உடலை வெட்டத்தக்க விசிறி வெளியே இல்லை என்பது மற்றொன்று. 2015இல் சென்னையிலும் 2018இல் கேரளத்திலும் பெருவெள்ளம் வந்தபோது மீனவர்கள் தம் படகுகளுடன் சென்று மக்களை மீட்டனர் என்பதை நாம் அறிவோம். அத்தகைய பணிக்கு நீர்த்தாரைப் படகு மிகவும் ஏற்றது. ஆனால் வெள்ளநீரில்தான் வைக்கோலும் வாழைமட்டையும் கயிறும் துணியும் நெகிழிப்பையும் மிதந்து வரும். எங்கு அப்படகு மிகுதியும் வேண்டப்படுகின்றதோ அங்கேயே அதன் வாய் அடைபடும் இடரும் மிகுதி. இதுவே நாம் கருத வேண்டிய சிக்கல்.

இனி, வாய் சிறிது அடைபட்டால் விளைவது யாது என்று கணக்கிட்டு நோக்குவாம். ஒரு படகு வினாடிக்கு 100 லிட்டர் நீரை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வெளிவிடுகின்றது எனக் கொள்க. படகு நின்ற நிலையில் அதன் உந்துவிசை 100ஐ 20ஆல் பெருக்க வரும் 2000 நியூட்டன். அஃதாவது ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையின் விசை. களை அடைத்துக்கொண்டு நீர் பாதியாகக் குறைந்தது என்க. வெளிவிடும் துளை முன்னிருந்த அளவினதே ஆதலால், 50 லிட்டர் நீர் 10 மீட்டர் வேகத்தில்தான் வெளிவரும். உந்துவிசை 50ஐ 10ஆல் பெருக்க 500 நியூட்டன். நீர் பாதியாயிற்று, விசையோ நாலில் ஒரு பங்காயிற்று. சிறிய அடைப்பும் பெரிய குறையை விளைக்கும் காரணம் இதுவே.

இதனினும் நுண்ணிய தீங்கு ஒன்று உண்டு. வாய் அடைபட்டவிடத்தும் சுழல் தகடுகள் நீரை இழுத்துக்கொண்டேயிருக்கும். அதனால் குழாயினுள் அழுத்தம் தாழும். 30 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர், காற்றழுத்தத்தின் 24இல் ஒரு பங்கு அளவிற்கு அழுத்தம் தாழுமாயின், அடுப்பின்றியே கொதிக்கும். அவ்வாறு தோன்றும் ஆவிக் குமிழிகள் அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்தவுடன் நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் நுண்ணிய சம்மட்டி அடி போன்றது. நாளடைவில் தகட்டின் முகம் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். படகினுள் இருப்பார்க்கு அது பரற்கற்கள் உருளும் ஓசைபோலக் கேட்கும்.

நீர்வாயில் களை தங்குதல் நம் உழவர்க்குப் புதிய செய்தியன்று. வாய்க்காலில் எண்ணெய் இயந்திரம் வைத்து நீர் இறைப்போர், உறிஞ்சு குழாயின் அடியில் சல்லடையுடன் கூடிய புட்வால்வு பொருத்தி, அதனை ஒரு மூங்கிற் கூடைக்குள் இறக்கி வைப்பதுண்டு. கூடையின் பரப்பு பெரிது. ஆதலின் அதன் துளைகளின் வழியே நீர் மெல்லச் செல்லும். மெல்லச் செல்லும் நீர் களையை இறுக இழுக்காது. படகின் அடியில் இத்தகைய கூடையைத் தொங்கவிட இயலாது; அது வேகத்தைத் தடுக்கும். ஆதலின் படகின் வாயில் நெடுக்குவாட்டில் கம்பிகள் பொருத்திய தட்டி ஒன்றே அமைப்பர். கம்பிகள் நெருக்கமாயின் கல் புகாது. ஆனால் களை எளிதில் படியும். அகலமாயின் களை வழுவிச் செல்லும். ஆனால் கல்லும் கட்டையும் புகுந்து தகட்டைச் சிதைக்கும். செல்லும் நீரின் தன்மைக்கேற்ப இடைவெளியைத் தேர்தல் வேண்டும்.

நம் காவிரிப் படுகையின் களைகள் பலவகையின. தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகக் கொணரப்பட்ட ஆகாயத்தாமரை, மிதந்து வந்து வாயை மூடும். அதன் கற்றையான வேர்கள் கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். நீருள் வளரும் வேலம்பாசி, நூல்போல நீண்டு உள்ளே புகுந்து சுழல் தண்டில் சுற்றும். கரையோரத்துக் காட்டாமணக்கின் தண்டுகள் குறுக்கே கிடந்து, பிற குப்பைகளைத் தாங்கி நிறுத்தும். கழிமுகத்தை அடைந்தால் அறுந்த நைலான் வலைத்துண்டுகள் உள. களைகளெல்லாவற்றினும் இவை கொடியவை. ஏனெனில் இவை அழுகா, அறா, தண்டில் சுற்றியபின் உருகி இறுகுதலும் உண்டு.

அடைப்பை அறிவிக்கும் குறிகள் நான்கு. இயந்திரத்தின் சுழற்சி மிகும், ஆனால் படகின் வேகம் குறையும், இது முதற்குறி. நீர் குறைந்தபோது இயந்திரத்தின் சுமையும் குறைதலால் அது வெறிகொண்டாற்போல் ஓடும். அதிர்வும் பரல் ஓசையும் இரண்டாம் குறி. பின்புறத் தாரை மெலிந்து நுரைத்தல் மூன்றாவது. இயந்திரம் சூடேறுதல் நான்காவது. பல படகுகளில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் இத்தாரையிலிருந்தே எடுக்கப்படுகின்றது. குறி கண்டவுடன் விசையைக் கூட்டுதல் அறியாதார் செயல். கூட்டுந்தோறும் உறிஞ்சும் வலிமை மிகுந்து களை மேலும் இறுகும்.

இனிக் களை நீக்கும் முறைகளை எளியதிலிருந்து அரியதாக வரிசைப்படுத்துவாம்.

முதலாவது, விசையைக் குறைத்துவிடுதல். உறிஞ்சுதல் தளர்ந்தவுடன், படகின் எஞ்சிய ஓட்டத்தால் அடியில் செல்லும் நீரே மேலோட்டமான களையைத் துடைத்துச் செல்லும். பெரும்பான்மை அடைப்புகள் இதனாலேயே நீங்கும்.

இரண்டாவது, நீரை எதிர்த்திசையில் செலுத்துதல். இங்கே மாணாக்கர் மயங்குவதோர் இடம் உண்டு. இப்படகைப் பின்னோக்கிச் செலுத்தும் கருவி, வெளிவரும் தாரையை முன்னோக்கித் திருப்பும் மூடியேயாகும். அப்போதும் வாய் நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும், களை நீங்காது. அன்றியும் ஆழமற்ற இடத்தில் அத்தாரை அடிமணலைக் கிளப்பி வாய்க்குள்ளேயே ஊட்டிவிடும். பற்சக்கரப் பெட்டியால் தண்டையே எதிர்த்திசையில் சுழற்றும் அமைப்புள்ள படகில்தான் நீர் வாய் வழியே வெளியேறிக் களையைத் தள்ளும். அதனையும் மெல்லிய வேகத்தில், சிறிது நேரமே செய்தல் வேண்டும்.

மூன்றாவது, வாரி. சில படகுகளில் சீப்புப் போன்ற வாரி ஒன்று கம்பிகளுக்கிடையே அமைக்கப்பட்டிருக்கும். நெம்புகோலை மிதித்தோ இழுத்தோ அதனை இயக்கினால் களை கீழே தள்ளப்படும்.

நான்காவது, கையால் எடுத்தல். நீர்வாய்க் குழாயின் மேற்புறத்தில் திறக்கத்தக்க மூடி ஒன்று உண்டு. முதலில் நங்கூரம் இடுக. பின்னர் இயந்திரத்தை முற்றும் நிறுத்தித் திறவுகோலை எடுத்து, கைவிடுபவரே தம்மிடம் வைத்துக்கொள்க. மூடியின் விளிம்பு நீர்மட்டத்திற்கு மேலே உள்ளதா என்று நோக்குக. படகில் ஆட்கள் மிகுந்திருப்பின் பின்புறம் தாழ்ந்து, திறந்தவுடன் நீர் படகினுள் புகும். ஐயமிருப்பின் ஆட்களை முன்புறம் அமர்த்துக. சுற்றிய கயிற்றை இழுத்துப் பறிக்காது, கத்தியால் அறுத்துத் துண்டு துண்டாக எடுக்க. மூடியை இறுக மூடியபின்னரே இயந்திரத்தை இயக்குக. இவ்வொழுங்கில் ஒன்றை மாற்றினும் விரல்களை இழக்க நேரிடும்.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. நீர்த்தாரைப் படகிற்குத் தனிச் சுக்கான் இல்லை. தாரையைத் திருப்பியே படகைத் திருப்புகின்றோம். ஆகவே தாரை நின்றால் படகு ஓட்டத்தை மட்டுமன்றித் திசையையும் இழக்கும். அமைதியான நீரில் இதனால் தீங்கில்லை. ஆனால் வெள்ளம் பெருகிய ஆற்றில், மதகுக்கோ பாலத் தூணுக்கோ மேற்புறத்தில் இவ்வாறு நேர்ந்தால் நீரோட்டம் படகை நேரே அதன்மேல் கொண்டு செல்லும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளைப் பெயர்த்துச் சென்ற நீரின் வலிமைக்கு ஒரு படகு எம்மாத்திரம்? ஆதலின் வெள்ளத்தில் செல்வோர் நங்கூரத்தைக் கட்டி ஆயத்தமாக வைத்திருத்தலும், துடுப்பு இரண்டு உடன்கொள்ளுதலும், மதகின் மேற்புறத்தை அணுகாதிருத்தலும் கட்டாயமாகும். மிதக்கும் களைத்திரளைக் கண்டால் அதனூடே புகாமல் சுற்றிச் செல்லுதலே அறிவுடைமை. கரையில் புறப்படுங்காலும், இடுப்பளவு நீர் வரும்வரை துடுப்பால் தள்ளிச் சென்று, பின்னரே இயந்திரத்தை இயக்குதல் நன்று.

ஈண்டு ஓர் உண்மையையும் கருதுவோமாக. படகோட்டி வாயைத் துடைத்தாலும், களை ஆற்றில் இருக்குமளவும் அது மீண்டும் வரும். பண்டைக் காலத்தில் ஊரார் கூடி வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்து முறை நம் நாட்டில் இருந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமும் அவ்வழக்கத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. மேட்டூர் அணை திறக்குமுன் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாருவது வயலுக்கு நீர் எட்டுவதற்காக மட்டுமன்று. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் தடையின்றிக் கடலை அடைவதற்கும், மீட்கச் செல்லும் படகு நிற்காமல் செல்வதற்கும் ஆகும். நாம் வாய்க்காலில் எறியும் ஒரு நெகிழிப்பை, கார்த்திகை வெள்ளத்தில் கூரைமேல் காத்திருக்கும் ஒருவரை நாடிச் செல்லும் படகின் வாயில் சென்று தங்கலாம்.

ஆகவே மாணவர்காள், நியூட்டனின் விதியைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு அமையாது, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர் வாய்க்காலங்கரையில் சிறிது நேரம் நின்று, நீர் இறைக்கும் உழவர் ஒருவர் தம் கூடையிலிருந்து களையை எடுத்தெறியும் முறையை நோக்குங்கள். இயன்றால் இறங்கி அவருக்கு உதவுங்கள். இயந்திரம் நின்றபின்னரே அவர் கூடையில் கைவைப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.