பையைப் பிரிக்கப்போவது நீங்கள் இல்லை

பிரசவத்துக்குப் பை கட்டும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் கைக்கு வசதியாகக் கட்டுகிறார்கள். ஆனால் வலி வந்து உள்ளே போன பிறகு அந்தப் பையை நீங்கள் தொடப்போவதில்லை. நர்ஸ் கதவைத் திறந்து "குழந்தைத் துணி கொடுங்கம்மா", "அட்டை எங்கே?" என்று கேட்கும்போது வராந்தாவில் நின்று கிளறுவது உங்கள் அம்மாவோ மாமியாரோ, கையும் காலும் ஓடாமல் நிற்கும் கணவரோதான். அவர்கள் கைக்குத்தான் பையைக் கட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர் என்றால் நீங்கள் விட்டுப்போகும் மேசையும் அப்படித்தான். அதைத் திறப்பதும் வேறொருவரே.

முதலில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் தூரத்தைக் கணக்கில் எடுங்கள். மணமேல்குடியிலோ கறம்பக்குடியிலோ பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமத்திலோ வலி எடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தபின் ரத்த அழுத்தம் ஏறினால், அல்லது குழந்தையின் இதயத்துடிப்பு சரியில்லை என்றால், அறந்தாங்கிக்கோ, புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனைக்கோ, 2017-இல் முள்ளூரில் திறந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். ஒரே இரவில் இரண்டு இடம் மாறும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒரே பெரிய பை வேண்டாம். தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று உங்களுடனேயே 108-இல் ஏறட்டும். வாளி, போர்வை, பிளாஸ்க் எல்லாம் அடங்கிய பெரிய பை பின்னால் வரட்டும். வராமல் போனாலும் அன்றைக்கு ஒன்றும் கெட்டுவிடாது.

36-ஆவது வாரத்துக்குள் இரண்டும் தயாராக இருக்க வேண்டும். இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், முன்பே குறைமாதத்தில் பிறந்தது என்று ஏதாவது இருந்தால் 32-ஆவது வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

சின்னப் பையும் அதற்குள் ஃபைலும்

சின்னப் பையில் முக்கியம் ஃபைல்தான். துணி மறந்தால் பக்கத்துக் கட்டில்காரர் ஒன்று கொடுப்பார். காகிதம் மறந்தால் யாராலும் கொடுக்க முடியாது. பெண்ணின் ஊதியம், உதவித்தொகை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் இந்தக் காகிதங்களை நம்பித்தான் இருக்கின்றன.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்குங்கள். முதல் தாளில் பெரிய எழுத்தில் உங்கள் பெயர், வயது, ரத்த வகை, எதிர்பார்க்கும் பிரசவத் தேதி, சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, சர்க்கரையோ அழுத்தமோ இருந்தால் அது, முந்தைய பிரசவம் ஆபரேஷனா என்பது, மூன்று தொலைபேசி எண்கள். மயக்கத்தில் இருந்தாலும் இந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் சிவப்பு மையில் எழுதுங்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு கூட வருபவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் தேதி வரிசையில். பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிராம சுகாதார செவிலியர் கொடுத்த 12 இலக்க எண், அட்டையிலும் முதல் தாளிலும் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியாரோ, பிறப்புச் சான்றிதழ் பதிவுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். தாய்வீட்டுக்கு வந்தவர்கள் அங்குள்ள செவிலியரிடமும் அதே எண்ணைச் சொல்லிவிடுங்கள்; புதிதாக இன்னொரு பதிவு வேண்டாம். பிறகு கணவன், மனைவி இருவரின் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல்.

இங்கே ஒரு இடத்தில் நின்று பாருங்கள். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் இனிஷியல், வேலை செய்யும் இடத்தில் இனிஷியலே இல்லாத பெயர். நம் பெண்களில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை என்று சொல்லத் தோன்றுகிறது. உதவித்தொகை தட்டிப்போவதும் குழந்தையின் சான்றிதழில் தாய் பெயர் தப்பாவதும் இதனால்தான். ஆறாம் மாதத்திலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை முதல் தாளில் எழுதிவையுங்கள். பதட்டத்தில் உங்கள் அம்மா வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடக் கூடும்.

ஃபைல் போக, சின்னப் பையில் ஒரு முன்பக்கம் திறக்கும் நைட்டி, பெரிய அளவு நாப்கின் ஒரு பாக்கெட், துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணிகள் நான்கைந்து, குழந்தைக்கு ஒரு தொப்பி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், போன் சார்ஜர், சில்லறையாகக் கொஞ்சம் பணம். குழந்தைத் துணியைத் தனிக் கவரில் போட்டு மேலே "குழந்தை" என்று எழுதி ஒட்டுங்கள். நர்ஸ் கேட்டதும் அந்தக் கவரை அப்படியே நீட்டலாம்.

பெரிய பை

நைட்டி இன்னும் மூன்று, பாவாடை, உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு, போர்வை, செருப்பு, சீப்பு, பல் துலக்கும் சாமான், சோப்பு, வாளி, கோப்பை, தட்டு, டம்ளர், வெந்நீருக்கு பிளாஸ்க், கொசுவலை. முள்ளூர் மருத்துவமனை நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கிறது. நள்ளிரவில் வாளிக்குக் கடை தேட முடியாது. துணைக்கு இருப்பவருக்கும் ஒரு மாற்றுச் சேலை, பாய், அவர் சாப்பிடும் மாத்திரை. அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் அவர் மாத்திரையை மறந்துவிடாதீர்கள். மகளைப் பார்க்க வந்தவர் தானே மயங்கி விழக் கூடாது.

அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-இல் தொடங்கிய பெட்டகத் திட்டத்தில் துண்டு, உடை, கொசுவலை, தாய்க்குச் சுண்டி லேகியம் என்று 16 பொருள்கள் உண்டு. அது பிரசவத்துக்குப் பிறகு கைக்கு வருவது. முதல் சில மணி நேரத்துக்கு உங்கள் பைதான்.

எதை எடுத்துப்போகக் கூடாது என்பதும் முக்கியம். பால் புட்டி, பால்பவுடர், தேன், சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, கண்மை, டால்கம் பவுடர் எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டிய வாயில் வேறெதையும் வைக்கக் கூடாது. ஒரு வயது வரை தேன் ஆபத்து. பாட்டியின் மனம் நோகுமே என்றால், சேனை வைக்க ஆசைப்படும் அந்தக் கையில் குழந்தையைச் சுற்றும் முதல் துணியைக் கொடுங்கள். நகையை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வளைகாப்பு வளையல்களும் அப்படித்தான். நகப்பூச்சு வேண்டவே வேண்டாம், கடைசி மாதத்தில் விரல் நுனிக்கு மருதாணியும் வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலில்தான் மாட்டுவார்கள்.

யார் கூட வருவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது. பயப்படாதவர், பிள்ளை பெற்றவர், சொன்னதைக் கேட்பவர் ஒருவர் போதும். நான்கு பேர் வேன் எடுத்து வருவதால் உள்ளே இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

வேலையிடத்துக் கணக்கு

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துப்போய்விடுகிறார்கள். அப்போது பிரசவத்துக்கு இன்னும் 12 வாரம் இருக்கும். சட்டம் தரும் 26 வார ஊதிய விடுப்பில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம்தான். இடையில் நிற்கும் 4 வாரம் உங்கள் சொந்த விடுப்பிலோ சம்பளம் இல்லாமலோதான் கழியும். முன்னால் 8 வாரத்தையும் எடுத்துவிட்டால் குழந்தையோடு இருக்க 18 வாரம் மிஞ்சும். உடம்பு இடம் கொடுத்து, மருத்துவரும் சரி என்றால், வளைகாப்பை முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பி, முன்னால் குறைவாக எடுத்துப் பின்னால் அதிகம் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. வீட்டாரிடம் இந்தக் கணக்கை நாள்காட்டியை விரித்துக் காட்டுங்கள். வாதாடுவதைவிட அது எளிது.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல்தான் 12 வாரம் 26 ஆனது. 2025 நவம்பர் 21 முதல் அதே உரிமைகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஜவுளிக்கடைக்கும் இது பொருந்தும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, விராலிமலைப் பக்கத் தொழிற்சாலைகளில் பலர் அப்படித்தான், பணம் முதலாளியிடமிருந்து வராது, இ.எஸ்.ஐ. தரும். மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். அதிலும் மறுமணம் செய்த அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறுப்பு வந்தால் அத்தோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

கடையில் நின்று விற்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய ஏறக்குறைய பத்து வாரத்தில் நீண்ட நேரம் நிற்கும் வேலை, பளு தூக்கும் வேலை வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் தரக் கூடாது என்கிறது சட்டம். கேட்டால்தான், கேட்காமல் கிடைக்காது. 2021 முதல் தமிழகத்தில் கடைகள் ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்பதும் சட்டமே.

விடுப்புக் கடிதத்தை 30 வாரத்துக்குள் கொடுங்கள். எதிர்பார்க்கும் தேதி, எந்த நாள் முதல் விடுப்பு, உங்களுக்குப் பதிலாகப் பணம் வாங்கக்கூடியவர் பெயர் மூன்றும் அதில் இருக்கட்டும். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி ஃபைலில் வையுங்கள். பிரசவத்துக்கு முந்தைய காலத்தின் ஊதியத்தை முன்பணமாகவும், மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும். விடுப்பில் இருக்கும்போது அதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்க முடியாது. வாயால் சொன்ன விடுப்பு பின்னால் "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று மாறுவதைத் தடுப்பது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

ஒப்படைப்புக் குறிப்பு ஒரு பக்கம் போதும். முடிந்தது, பாதியில் நிற்பது, எந்தத் தேதியில் என்ன வரும், சாவி எங்கே, யாரைக் கேட்பது. வலி சொல்லிக்கொண்டு வராது என்பதால் இதை 32-ஆவது வாரத்தில் எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் திருத்துங்கள். இல்லாவிட்டால் தையல் பிரிக்காத நிலையில் "அந்த பில் எங்கம்மா?" என்று போன் வரும்.

பூ கட்டுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், முந்திரி உடைக்கிறவர்கள் இவர்களுக்கெல்லாம் ஊதிய விடுப்பு இல்லை. இவர்களுக்கு இழந்த கூலியை ஓரளவாவது ஈடுகட்டுவது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் முதல் பெண்ணாகச் சேர்ந்து மருத்துவரானவரின் பெயரில் 1987-இல் தொடங்கியது அது. இப்போது 18,000 ரூபாய்: 14,000 ரொக்கமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. தவணைகள் பதிவையும் பரிசோதனையையும் தடுப்பூசியையும் ஒட்டி வருவதால் அட்டையில் ஒவ்வொரு முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறதா பாருங்கள். கட்டட வேலை செய்பவர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே தனியாக மகப்பேறு உதவி உண்டு. வாரிய அட்டையையும் ஃபைலில் சேருங்கள்.

கிளம்பும்போது

வீடு திரும்பும் அவசரத்தில்தான் காகிதங்கள் தவறுகின்றன. டிஸ்சார்ஜ் சுருக்கம் கையில் வந்ததா, அதில் பெயர் சரியா, பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை தடுப்பூசி மூன்றும் குழந்தையின் அட்டையில் ஏறியதா, பிறப்புப் பதிவு எண் கிடைத்ததா என்று துணைக்கு இருப்பவர் கேட்க வேண்டும். பதிவு 21 நாளுக்குள் நடக்க வேண்டும். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், ஆகவே பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், தாயின் உணவு எல்லாமே இலவசம். வீட்டுக்குக் கொண்டுவிட 102 வண்டியும் இலவசம்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வேலையிடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். 48 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. அசல் ஃபைலுக்குள் போகட்டும். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பால் கொடுக்கத் தனி இடைவேளை கேட்கும்போது பிறந்த தேதிக்கான சான்று மறுபடி வேண்டியிருக்கும்.