மீகாங் பழமும் நம்ம ஊர் வெயிலும்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் பழக்கன்று வாங்கக் கிளம்பும் பிள்ளைகள் இப்போதெல்லாம் கைபேசியில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள்: வியட்நாமின் மீகாங் கழிமுகம், படகு நிறையப் பழம். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் இருக்கிற ஊர் இது. அந்த ஆசை இங்கே புதிதில்லை. குழி வெட்டுமுன் இந்தக் கிழவன் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் மழைக்கணக்கு. அங்கே மே தொடங்கி நவம்பர் வரை மழை, கோடையிலும் வாய்க்காலில் தண்ணீர். நமக்கோ பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் காய்ச்சல்தான்.

2. டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் மூன்றையும் மறந்துவிடுங்கள். வளர்க்கவே முடியாது என்று சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில் இலை கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளில் மங்குஸ்தான் காய்க்கிறது என்றால், அங்கே மலையின் ஈரமும் நிழலும் இருக்கிறது. அங்கேயே விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். ரம்புத்தானில் விதைக்கன்று ஆண் மரமாகப் போய்விடும் ஆபத்தும் உண்டு.

3. பம்பளிமாஸ் வையுங்கள். மீகாங் கரையில் வின் லாங் பக்கத்து நாம் ரோய் ரகத்துக்குப் பெரிய பேர். அந்த ரகத்தைத் தேடி அலைய வேண்டாம். நம் பக்கத்தில் நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து பதியன் எடுத்தால் போதும்.

4. டிராகன் பழம் வெயிலுக்குப் பயப்படாது என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. கள்ளி இனம் என்றாலும் ஏப்ரல், மே வெயிலில் தண்டு மஞ்சளாகி வெந்துபோகும்; அந்த இரண்டு மாதமும் நிழல்வலை கட்டுங்கள். கல்தூண் ஒன்றுக்கு நாலு கன்று, உச்சியில் ஒரு வளையம். பூ ராத்திரி விரியும், காலை வெயில் ஏறினால் வாடிவிடும். வெள்ளைச் சதை ரகம் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். சிவப்பில் பல ரகங்களுக்கு வேறு ரகத்துப் பூ வேண்டும். டார்ச்சும் மெல்லிய தூரிகையும் எடுத்துப்போய் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவிவிடுங்கள். ஒரு மாதத்தில் பழம். பூ விரிந்த ராத்திரி அந்த மணத்துக்காகவே இந்தச் செடியை வைக்கலாம் என்பேன்.

5. மீகாங் விவசாயிகளிடமிருந்து எடுத்துவர வேண்டியது கன்றல்ல, மேட்டுப்பாத்தி. வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே இரு பக்கமும் அணைத்து, மேட்டின் மேல் மரம் வைக்கிறார்கள். வாய்க்காலில் படியும் சேற்றையும் அள்ளி அதே மேட்டில் போடுகிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு மழையில் பள்ளத்தில் வைத்த கன்றின் வேர் அழுகிவிடும். ஒன்றரை அடி உயர்த்தினால் பிழைக்கும்.

6. போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. மண், தண்ணீர் பரிசோதனைக்கு அங்கே கேளுங்கள். உப்பு ஏறினால் மீகாங்கிலேயே தோட்டம் தாங்காது. 2016லும் 2020லும் கடல்நீர் ஆற்றில் ஏறி பென் சே மாகாணத்துப் பழ விவசாயிகளை அலைக்கழித்தது. அங்கே முள்சீத்தாவைச் சதுப்பில் வளரும் அதன் சொந்தக்கார மரத்தின் மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். உப்பு தாங்குவது அந்த அடிமரம்தான்.

7. ஒட்டுக்கன்று வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே முளைத்த தளிர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிள்ளி எறியச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

8. செப்டம்பர் முடியுமுன் கிளையைக் குறைத்து, முட்டுக்கொடுத்துவிடுங்கள். 2011இல் தானே புயல் பண்ருட்டிப் பலாவையே வேரோடு சாய்த்தது. நம்ம வீட்டுக் கன்றுக்கு ரெண்டு சவுக்குக் கம்பு செலவாகும், அவ்வளவுதானே.